குனூகேஷ்ல வீட்டு அவசரக் குறிப்புகளை பழைய ஃபைல்ல இருந்து புது ஃபைலுக்கு மாத்துறது எப்படி

வீட்டு வரவு செலவை குனூகேஷ்ல (கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற இலவச மென்பொருள்) எழுதுறவங்க நிறைய பேரு அதே ஃபைல்லயே இன்னொரு வேலையும் பண்ணி வச்சிருப்பாங்க. பாலிசி நம்பர், நாமினி யாரு, லாக்கர் எந்த பிராஞ்ச்ல இருக்கு, அப்பாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்காது, ஏஜென்ட் போன் நம்பர்னு அவசரத்துக்கு தேடுற எல்லாத்தையும் அக்கவுண்ட் நோட்ஸ்ல எழுதி வச்சிருப்பாங்க. ஃபைல் ஒண்ணா இருக்கிற வரைக்கும் இதுல தொந்தரவு இல்ல. கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போறப்ப, இல்ல பத்து பன்னெண்டு வருஷ கணக்கு சேர்ந்து போய் புதுசா ஒரு ஃபைல் ஆரம்பிக்கிறப்ப, இல்ல அப்பா எழுதின கணக்கை நாம எடுத்து நடத்த வேண்டி வர்றப்ப, கணக்கை அங்கயே விட்டுட்டு இந்தக் குறிப்பை மட்டும் இங்க கொண்டு வரணும், அங்கதான் ஆளுங்க தடுமாறுறாங்க.

நான் ஏன் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், அவரை உள்ள எடுத்துட்டு போயிட்டாங்க, என்னை இன்சூரன்ஸ் டெஸ்குக்கு அனுப்பினாங்க. கார்டு வீட்ல. ஆனா புது ஃபைல்ல இருந்து எடுத்த குறிப்பு என் போன்ல இருந்துச்சு, அதைப் பாத்து நம்பரை ஒவ்வொண்ணா படிச்சேன். அந்தப் பையன் ரெண்டு தடவ டைப் பண்ணிப் பாத்துட்டு "சார், இந்த நம்பர்ல பாலிசியே வரலைங்க"ன்னான். 18 இலக்க நம்பர், கடைசி மூணும் சைபர். எங்க பாலிசி நம்பர் சைபர்ல முடியவே முடியாது. பக்கத்து வீட்டுத் தம்பி பைக்ல போய் பீரோவுல இருந்த ஒரிஜினலை எடுத்துட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்பா இப்ப நல்லா இருக்காரு. ஆனா அந்த முக்கால் மணி நேரம் நான் அந்த டெஸ்க் முன்னாடியே நின்னேன், அவர் பக்கத்துல இல்ல.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, ஃபைல் மாத்துறப்ப நடுவுல வர்ற சிஎஸ்வியை (கமா போட்டுப் பிரிச்ச சாதா எழுத்து ஃபைல்) எக்செல் மாதிரி ஸ்ப்ரெட்ஷீட்ல திறந்து ரெண்டு வரியை அழிச்சிட்டு சேவ் பண்ணிட்டேன், அவ்வளவுதான். ஸ்ப்ரெட்ஷீட் ஒரு நம்பரை 15 இலக்கம் வரைக்கும்தான் அப்படியே ஞாபகம் வச்சிக்கும், அதுக்கு மேல உள்ளதை சைபர் ஆக்கிடும். கேக்காது, எச்சரிக்கையும் கொடுக்காது. குறிப்பே இல்லைன்னா வேற வழி தேடுவோம், தப்பான குறிப்பு இருந்தா அதையே நம்பி உக்காந்திருப்போம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல, உங்களுக்கு இது தேவையான்னு பாருங்க

பழைய ஃபைல் மொத்தமும் அப்படியே வேணும், கம்ப்யூட்டர் மட்டும்தான் மாறுதுன்னா எதையும் எக்ஸ்போர்ட் பண்ண வேண்டாம். குனூகேஷை மூடிட்டு அந்த ஒரு ஃபைலை காப்பி பண்ணி புது கம்ப்யூட்டர்ல திறந்தா போதும், நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும்.

கணக்கு வேணாம், அக்கவுண்ட் பட்டியல் முழுசும் நோட்ஸோட புது ஃபைலா வேணும்னா ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் போய் எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ் கொடுங்க, வரவு செலவு எதுவும் இல்லாம அக்கவுண்ட் மரம் மட்டும் உள்ள ஒரு புது குனூகேஷ் ஃபைல் கிடைக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சுலபம், ஆனா ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற ஒரு ஃபைலுக்குள்ள இதைக் கொண்டு போய் சேக்க முடியாது.

ஏற்கனவே இருக்கிற ஃபைல்ல, இந்த அவசரக் குறிப்பு அக்கவுண்டுகளை மட்டும் கொண்டு வந்து சேக்கணும்னா சிஎஸ்வி வழிதான். கீழ சொல்றது முழுக்க அதுக்குத்தான்.

பேக்கப், இதை விட்டுட்டு மேல போகாதீங்க

ரெண்டு ஃபைலையும் வேற ஒரு ஃபோல்டர்ல காப்பி எடுத்து வைங்க. காப்பி எடுக்குறப்ப குனூகேஷ் மூடி இருக்கணும். ஃபோல்டர்ல எல்சிகே-ன்னு முடியுற ஒரு குட்டி ஃபைல் தெரிஞ்சா, எங்கயோ இன்னும் திறந்து இருக்குன்னு அர்த்தம், இல்ல போன தடவ கரண்ட் போய் திடீர்னு நின்னிருக்கும். தேதியும் நேரமும் பேர்ல ஒட்டிக்கிட்டு நிறைய ஃபைல் இருக்கும், அது குனூகேஷ் தானா எடுக்கிற பேக்கப், அதைப் பாத்து குழம்ப வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

ஒரு விஷயம் புதுசா வர்றவங்களுக்கு தெரியாது. எக்ஸ்எம்எல், எஸ்கியூலைட்ங்கறது குனூகேஷ் ஃபைலை சேவ் பண்றப்ப தேர்ந்தெடுக்கிற வகைகள். உங்க ஃபைல் எக்ஸ்எம்எல் வகையா இருந்தா ஏதாவது தப்பாயிடுச்சுன்னா சேவ் பண்ணாம மூடிட்டா போதும், பழையபடி இருக்கும். எஸ்கியூலைட் வகையா இருந்தா அப்படி இல்ல, நீங்க செய்யுற ஒவ்வொரு மாற்றமும் அப்பப்பவே ஃபைலுக்குள்ள எழுதிடும், சேவ் பண்ணாம மூடினாலும் திரும்ப வராது. அதனாலதான் பேக்கப்பை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பழைய ஃபைல்ல குறிப்பை ஒழுங்கு பண்றது

குறிப்பு எல்லாம் ஒரே இடத்துல இருந்தா மாத்துறது எளிது. நான் சொத்து வகையில "அவசரம்"னு ஒரு அக்கவுண்ட் போட்டு, அதுக்கு கீழ மருத்துவம், ஆயுள் காப்பீடு, பேங்க், சொத்துப் பத்திரம், வண்டின்னு பிரிச்சிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் கீழ ஆள் பேரு. எல்லாத்துலயும் பிளேஸ்ஹோல்டர்ங்கற கட்டத்தை டிக் பண்ணிருக்கேன், அப்படி பண்ணினா அதுல தெரியாத்தனமா கணக்கு எழுத முடியாது, பாக்கியும் சைபராவே இருக்கும், சொத்து மதிப்பு ரிப்போர்ட் எதையும் இது தொடாது.

அக்கவுண்ட் மேல நின்னு கன்ட்ரோல் இ அழுத்தினா எடிட் ஜன்னல் வரும், கீழ நோட்ஸ் பெட்டி. அதுல எழுதுறப்ப ரெண்டு பழக்கம் வச்சிக்கோங்க.

என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போகாதீங்க. சிஎஸ்வில ஒரு அக்கவுண்டுக்கு ஒரு வரி, நடுவுல வரி உடைஞ்சா இம்போர்ட்ல குழப்பம் வரும். எல்லாத்தையும் ஒரே வரியில, நடுவுல செங்குத்துக் கோடு போட்டு எழுதுங்க. என் அப்பா மருத்துவ நோட் இப்படித்தான் இருக்கு: "பாலிசி எண் பிஎல் 18 இலக்கம், ஒரிஜினல் பீரோ மேல் தட்டு நீல ஃபைல் | புதுப்பிப்பு ஆகஸ்ட் | பென்சிலின் ஒத்துக்காது | சர்க்கரை, பிபி மாத்திரை உண்டு | ரத்தம் ஓ பாசிட்டிவ் | சரிபார்த்த தேதி". "பிஎல் 18 இலக்கம்"னு நான் இங்க போட்டிருக்கிற இடத்துல நிஜ நம்பர் இருக்கு, முன்னாடி பிஎல்-னு ரெண்டு எழுத்து ஒட்டி இருக்கு பாருங்க, அது சும்மா இல்ல. வெறும் நம்பரா இருந்தாதான் ஸ்ப்ரெட்ஷீட் அதுல கை வைக்கும், முன்னாடி எழுத்து இருந்தா அதை வார்த்தையா எடுத்துக்கிட்டு விட்டுடும். அன்னைக்கு நான் நம்பரை நோட்ஸ்ல எழுதாம அக்கவுண்ட் கோட் பெட்டியில தனியா போட்டிருந்தேன், அதான் மாட்டுச்சு. பேங்க் அக்கவுண்ட் நம்பருக்கும் இதே கதைதான், முன்னாடி சைபர்ல ஆரம்பிக்கிற நம்பரா இருந்தா அந்த சைபர் எல்லாம் காணாம போயிடும்.

ரெண்டாவது, அக்கவுண்ட் பேர்ல முக்காற்புள்ளி, அதாவது ரெண்டு புள்ளி மேல கீழ வர்ற குறி, போடாதீங்க. மேல இருக்கிற தாய் அக்கவுண்டுக்கும் அதுக்கு கீழ வர்ற பிள்ளை அக்கவுண்டுக்கும் நடுவுல குனூகேஷ் அதைத்தான் பிரிக்கிற குறியா வச்சிருக்கு. பிரிஃபரன்சஸ்ல அந்தக் குறியை மாத்தவும் முடியும், அந்த செட்டிங் ஃபைலுக்குள்ள இல்ல, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. அதனால அப்பா லேப்டாப்ல ஒரு குறியும் உங்க லேப்டாப்ல வேற குறியும் இருந்தா பேரு பொருந்தாது. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க.

எக்ஸ்போர்ட்

ஃபைல், எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் அக்கவுண்ட் ட்ரீ டு சிஎஸ்வி. வர்ற ஜன்னல்ல பிரிவுக்குறி கமாவே இருக்கட்டும், யூஸ் கொட்டேஷன்னு இருக்கிறதை டிக் பண்ணுங்க, நோட்ஸ்குள்ள நாம கமா போட்டிருப்போம் இல்லையா, அது பாதுகாப்பா இருக்கும். பேர்ல தேதி வர்ற மாதிரி சேவ் பண்ணுங்க.

இப்ப அந்த சிஎஸ்வில உங்க எல்லா அக்கவுண்டும் இருக்கும், நமக்கு வேண்டியது "அவசரம்" குடும்பம் மட்டும். அதை வெட்டி எடுக்க நோட்பேட் மாதிரி சாதா எடிட்டர்ல திறங்க, ஸ்ப்ரெட்ஷீட் பக்கமே போகாதீங்க. முதல் வரி தலைப்பு வரி, அதை விட்டு வைங்க. மொத்தம் 12 காலம், அதாவது நெடுவரிசை, இருக்கும், வகை, முழுப்பேர், பேர், கோட், விவரம், கலர், நோட்ஸ், அப்புறம் கரன்சி சம்பந்தப்பட்டது ரெண்டு, கடைசியா மறைச்சு வைக்கிறது, டாக்ஸ், பிளேஸ்ஹோல்டர். இந்த வரிசையை மாத்தக் கூடாது, காலம் எதையும் நீக்கவும் கூடாது, இம்போர்ட் பண்றப்ப இதே அமைப்புலதான் அது எதிர்பாக்கும். வேண்டாத வரிகளை மட்டும் முழுசா அழிங்க. தாய் வரி பிள்ளை வரிக்கு மேல இருக்கணும், "அவசரம்"ங்கற வரியை அழிச்சிட்டு அதுக்கு கீழ இருக்கிற "மருத்துவம்" வரியை மட்டும் வச்சா அது போய் ஒட்ட இடம் இருக்காது.

சேவ் பண்றப்ப என்கோடிங் யூடிஎஃப் 8-ன்னு இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும்.

நோட்பேட் கண்ணுக்கு ஒத்து வரல, ஸ்ப்ரெட்ஷீட்லதான் பாக்க முடியும்னா லிப்ரே ஆஃபீஸ் கால்க்ல திறங்க, திறக்குறப்பவே ஒரு ஜன்னல் வந்து கேக்கும், அதுல எழுத்து வகை யூனிகோட் யூடிஎஃப் 8 கொடுத்து, கீழ தெரியுற காலம் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெக்ஸ்ட்னு மாத்தி அப்புறம் ஓகே கொடுங்க. டபுள் கிளிக் பண்ணி நேரா திறந்து சேவ் பண்றதுதான் ஆபத்து.

இம்போர்ட்

புது ஃபைலைத் திறங்க. இப்பதான் புதுசா உருவாக்குறீங்கன்னா அக்கவுண்ட் அமைக்கிற உதவி ஜன்னல் ஒண்ணு வரும், அதை முடிச்சு ஃபைலை ஒரு பேர்ல சேவ் பண்ணிட்டு வாங்க. ஃபைல், இம்போர்ட், இம்போர்ட் அக்கவுண்ட்ஸ் ஃப்ரம் சிஎஸ்வி. ஃபைலைக் காட்டின உடனே முன்னோட்டம் தெரியும், தலைப்பு வரி எண்ணிக்கை 1-னு வைங்க, பிரிவுக்குறியும் கொட்டேஷனும் எக்ஸ்போர்ட்ல கொடுத்த மாதிரியே கொடுங்க. காலங்கள் நேரா விழுதா, நோட்ஸ் காலத்துல நோட்ஸ்தான் இருக்கா, தமிழ் சரியா தெரியுதான்னு பொறுமையா ஒரு தடவ பாருங்க. ஒரு வரி மட்டும் பக்கத்து காலத்துக்கு நழுவி இருந்தா கமாவோ என்டரோதான் காரணம், கேன்சல் பண்ணிட்டு நோட்பேட்ல சரி பண்ணிட்டு வாங்க.

அதே முழுப்பேர்ல புது ஃபைல்ல ஏற்கனவே அக்கவுண்ட் இருந்தா குனூகேஷ் இன்னொண்ணு புதுசா போடாது, அந்த அக்கவுண்டோட கோட், விவரம், நோட்ஸ், கலர் இந்த நாலையும் சிஎஸ்வில இருக்கிறபடி மாத்திடும். இது நல்லதும் கூட, ஆபத்தும் கூட. அப்பா ஃபைல்ல இருக்கிற பழைய போன் நம்பர் உங்க ஃபைல்ல நீங்க போன வாரம் எழுதின புது நம்பர் மேல ஏறி உக்காந்துடும். ரெண்டு பக்கமும் ஒரே பேர்ல குறிப்பு இருந்தா எது புதுசுன்னு முன்னாடியே முடிவு பண்ணி, வேண்டாத வரியை சிஎஸ்வில இருந்தே எடுத்துடுங்க.

வெளிநாட்டுல இருந்துக்கிட்டு டாலர்லயோ திர்ஹாம்லயோ கணக்கு வச்சிருக்கிறவங்க பயப்பட வேண்டாம், சிஎஸ்வில கரன்சி ரூபாய்னு இருந்தா இந்த அக்கவுண்டுகள் ரூபாயிலயே வந்து உக்காரும்.

இந்த வழியில வராதது

பாலிசி ஸ்கேனை டாக்குமென்ட் லிங்க்கா இணைச்சிருப்பீங்க. அந்த லிங்க் ஒட்டி இருக்கிறது வரவு செலவு பதிவுல, அக்கவுண்ட்ல இல்ல, அதனால வராது. ஸ்கேன் ஃபைல்களை தனியா காப்பி பண்ணி, புது ஃபைல்ல பிரீமியம் கட்டின அடுத்த பதிவுல திரும்ப இணைங்க. பிரீமியம் தேதி ஞாபகப்படுத்துற ஷெட்யூல் பதிவுகளும் வராது, அதை திரும்ப போடணும், மறந்தா பாலிசியே லேப்ஸ் ஆகலாம். டாக்டர், ஏஜென்ட் விலாசத்தை வென்டார் பட்டியல்ல போட்டு வச்சிருந்தா அதுவும் வராது, நாலஞ்சு பேருதானே இருப்பாங்க, கையால அடிச்சிடுங்க.

சரிபார்க்கிறது

இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பழைய ஃபைலோட ஒப்பிடாதீங்க, பேப்பரோட ஒப்பிடுங்க. பழைய ஃபைல்லயே தப்பு இருந்திருக்கலாம். நாங்க பண்றது இதுதான், அம்மா பீரோவுல இருந்து ஒரிஜினலை எடுத்து நம்பரை சத்தமா படிப்பாங்க, பின்னாடி இருந்து முன்னாடி, நான் ஸ்கிரீன்ல விரல் வச்சு பாப்பேன். நேரா படிச்சா கண்ணு தானா நிரப்பிக்கும், தலைகீழா படிச்சா ஒவ்வொரு இலக்கத்தையும் பாத்துதான் ஆகணும். சரியா இருந்தா அந்த நோட்ல கடைசியா தேதி போடுவேன். போன தடவ இப்படிப் பாத்தப்ப ஒரு பாலிசியில நாமினியா இன்னும் பாட்டி பேரே இருந்துச்சு, பாட்டி போய் 6 வருஷம் ஆச்சு.

பேப்பரை எடுத்து வச்ச கையோட விட்டுப்போனதையும் சேருங்க. எங்க வீட்டுல எழுதாம விட்டிருந்ததைச் சொல்றேன். பேங்க் பாஸ்புக்கை மே மாச கடைசி பக்கத்துல பாருங்க, 436 ரூபாய் பிடிச்சிருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி, 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் பிடிச்சிருந்தா சுரக்ஷா பீமா, விபத்துக்கு 2 லட்சம். எப்பவோ பேங்க்ல ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருப்பாங்க, வீட்ல யாருக்கும் தெரியாது, தெரியாததால யாரும் கேக்கவும் மாட்டாங்க. பிஎஃப் பிடிக்கிற வேலையில இருக்கிறவங்களுக்கு இடிஎல்ஐ-ன்னு ஒரு காப்பீடு சேர்ந்தே இருக்கு, வேலையில இருக்கிறப்ப இறந்தா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும், யுஏஎன் நம்பரை (பிஎஃப்-ல ஒவ்வொருத்தருக்கும் கொடுக்கிற நிரந்தர நம்பர்) எழுதி பக்கத்துல இதையும் ஒரு வார்த்தை எழுதுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அந்த நம்பரும். பேங்க் டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1-ல இருந்து 4 நாமினி வரைக்கும் போடலாம், யாருக்கு எத்தனை பங்குன்னும் குறிச்சு வைங்க.

பழைய பாஸ்புக் ஏதாவது கிடைச்சா தூக்கிப் போடாதீங்க. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்குல இருக்கிற பணம் ரிசர்வ் பேங்க் நிதிக்கு போயிடும், ஆனா குடும்பத்தார் அந்த பேங்க் மூலமா எப்ப வேணா திரும்பக் கேக்கலாம். 2023-ல ஆரம்பிச்ச உத்கம் இணையதளத்துல பேரைப் போட்டு தேடிப் பாக்கலாம்.

எழுதக் கூடாததும் இருக்கு. ஏடிஎம் பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் எதுவும் இந்த ஃபைல்ல வேண்டாம். ஆதாருக்கு கடைசி 4 இலக்கமும் அட்டை எங்க இருக்குன்னும் போதும்.

முடிச்சதும் செய்ய வேண்டியது

அந்த சிஎஸ்வி ஃபைல் இப்பவும் டவுன்லோட்ஸ்ல கிடக்கும், யார் திறந்தாலும் வீட்டு ரகசியம் மொத்தமும் படிக்கலாம். அழிங்க, ரீசைக்கிள் பின்ல இருந்தும் அழிங்க. வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ உங்களுக்கே அனுப்பி இருந்தா அங்கயும் அழிங்க. குனூகேஷ் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போடுற வசதி கிடையாது, அதனால பென் டிரைவ்ல தங்கச்சிகிட்டயோ அண்ணன்கிட்டயோ கொடுக்கிற காப்பியை செவன் ஜிப்ல பாஸ்வேர்ட் போட்டு, ஏஇஎஸ் 256 வகையில சுருக்கி கொடுங்க. பாஸ்வேர்டை பென் டிரைவ் கூடவே எழுதி ஒட்டாதீங்க, போன்ல பேசிச் சொல்லுங்க, உங்க முன்னாடியே அவங்களை ஒரு தடவ திறந்து காட்டச் சொல்லுங்க.

அம்மாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. அதனால மருத்துவ நோட் இருக்கிற ஒரு பக்கத்தை மட்டும் 16 பாயின்ட் எழுத்துல பிரிண்ட் எடுத்து, சரிபார்த்த தேதியோட, பீரோ கதவு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கேன். ஆகஸ்ட்ல பாலிசி புதுப்பிச்சதும் அந்தத் தாளைக் கிழிச்சிட்டு புதுசு ஒட்டணும்னு குனூகேஷ்லயே ஒரு ஷெட்யூல் போட்டிருக்கேன்.